கல்லீரல், குடல் நோய்க்குறியியலில் கல்விப்பணி செய்யும் மருத்துவரின் வாழ்க்கை எப்படி இருக்கும்?

நோயாளியை நேரில் பார்க்காமல் திசுவை மட்டும் பார்ப்பவரை மருத்துவர் என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லலாம், கல்லீரல் திசுவைப் பார்த்து நோயை ஆராயும் நோய்க்குறியியல் வல்லுநரான ஹான்ஸ் பாப்பரின் வாழ்க்கையே அதற்குப் போதுமான விடை.

1903-ல் வியன்னாவில் பிறந்த பாப்பர், 1938-ல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபோது அங்கிருந்து தப்பி, சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் பணியைத் தொடர்ந்தார். 1957-ல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் நோய்க்குறியியல் துறையின் தலைவரானார். 1968-ல் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட அங்குள்ள மருத்துவக் கல்லூரி உருவாக முன்னின்றவர்களில் அவரும் ஒருவர்.

இத்துறையின் அன்றாட வேலை ஒரு சிறு கண்ணாடித் தகட்டில் நடக்கிறது. ஊசியால் எடுக்கப்படும் கல்லீரல் துணுக்கு நூலிழை போல மெல்லியது, சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளம். முழு உறுப்பில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் செல்கள் இளஞ்சிவப்பாகவும் அவற்றின் உட்கருக்கள் ஊதாவாகவும் தெரியும். ட்ரைகுரோம் என்ற இன்னொரு சாயத்தில் தழும்புநார் நீலமாகத் தெரியும். அந்த நீல இழைகள் ஒன்றோடொன்று இணைந்து செல்களை முடிச்சுகளாகச் சூழ்ந்துவிட்டால் அதுவே சிரோசிஸ் எனப்படும் முற்றிய கல்லீரல் தழும்பு நோய். துணுக்கு மிகச் சிறியதாக இருந்தால் நோயின் கடுமையைக் குறைத்து மதிப்பிட்டுவிட நேரும் என்பதால், ரத்தக் குழாய்களும் பித்தநாளமும் சேர்ந்து செல்லும் போர்ட்டல் பகுதிகள் குறைந்தது பதினொன்றாவது அதில் இருக்க வேண்டும் என்று பலரும் வலியுறுத்துகின்றனர்.

திசுவின் வடிவத்தையும் உறுப்பின் செயல்பாட்டையும் பிரிக்காமல் படிக்க வேண்டும் என்பதே பாப்பரின் அணுகுமுறை. அவருடைய பங்களிப்புகளில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். ஏனெனில், நோயாளியின் ரத்தப் பரிசோதனையையும் அவர் உட்கொள்ளும் மருந்துகளையும் அறியாமல் எழுதப்படும் திசு அறிக்கை, சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்குப் பாதி விடையைத்தான் தரும்.