சமையல் மேடைக்குக் கிரானைட்டா, போர்சலினா?

கேள்வி: வீடு பூச்சு வேலையில் இருக்கிறது. சமையல் மேடைக்குக் கருப்பு கிரானைட்தான் வேண்டும் என்கிறார் அத்தை. என் வீட்டுக்காரருக்கோ மார்பிள் போல வரி ஓடும் போர்சலின் ஸ்லாப் மேல் ஆசை. கறையே பிடிக்காது என்று கடையிலும் சொன்னார்கள். எதைப் போடலாம்?
– வாசகி, பல்லடம்

பதில்: கடையில் சொன்னது உண்மைதான், அம்மணி. களிமண்ணை 1200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுட்டு இறுக வைப்பதுதான் போர்சலின். அது உறிஞ்சும் தண்ணீர் 0.5 சதவீதத்தைத் தாண்டாது. மஞ்சளோ எண்ணெயோ உள்ளே இறங்க வழியில்லை. ஆனால் மேடையில் கறை மட்டுமா விழுகிறது?

எங்கள் வீட்டில் 12 மில்லிமீட்டர் போர்சலின் ஸ்லாப்தான் ஆசையாகப் போட்டோம். மூன்றாம் மாதம், மாவாட்டி முடித்துக் கிரைண்டர் குழவியைக் கழுவித் தூக்கும்போது கை வழுக்கி மேடை ஓரத்தில் இடித்துவிட்டது. ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சில்லு போய்விட்டது. வரியெல்லாம் மேல்பரப்பில் அச்சடித்ததுதான், உள்ளே வெறும் சாம்பல் நிறம். பசை வைத்து அடைத்தும் இன்றுவரை அந்த இடம் கண்ணை உறுத்துகிறது. கிரானைட்டின் ஓரமும் பெயரும். ஆனால் மேலே இருக்கும் கல்தானே உள்ளேயும்? மெஷின் வைத்துத் தேய்த்து பாலீஷ் போட்டால் தெரியாது.

தினமும் மாவாட்டுகிற, மேடையிலேயே தேங்காய் உடைக்கிற வீடு என்றால் அத்தை சொல்வதைக் கேளுங்கள். 18 மில்லிமீட்டருக்குக் குறையாத கிரானைட் போடுங்கள். சிங்க்குக்கு வெட்டும்போது உள்மூலைகளைக் கொஞ்சம் வளைவாக விடச் சொல்லுங்கள். கூர்மையாக வெட்டினால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

வீட்டுக்காரரின் ஆசைக்கு அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவர் இருக்கிறதே! தாளிக்கும்போது தெறிக்கிற எண்ணெயெல்லாம் அங்கேதான் போகும். அதற்குப் போர்சலினைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. நிஜ மார்பிள் மட்டும் வேண்டாம். எலுமிச்சைச் சாறும் புளியும் பட்ட இடம் பளபளப்பு போய் மங்கிவிடும்.

அப்புறம், போர் போட்ட சப்பைத் தண்ணீர் புழங்குகிற வீடாக இருந்தால், கருப்புக் கல்லில் சிங்க்கைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் படியும். அதற்காக ஆசிட் ஊற்றிவிடாதீர்கள், பாலீஷும் போகும், இணைப்பில் பூசிய சிமென்ட்டும் போகும். ராத்திரி பாத்திரம் கழுவியதும் உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டால் போதும்.

கேள்வி: சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கருப்பு கிரானைட் என்று விற்கிறார்களாமே? எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், காங்கேயம்

பதில்: அப்படியும் விற்கிறார்கள். வெள்ளைத் துணியில் கொஞ்சம் தின்னர் நனைத்து, கல்லின் ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் கருப்பு ஒட்டினால் அந்தக் கல் வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, தேய்த்துப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.