மார்பகப் புற்றுநோய்: டாக்டரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகள்

புற்றுநோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். "உயிர் பிழைத்ததே பெரிசு, இதையெல்லாமா டாக்டரிடம் கேட்பது" என்று பெண்கள் மனசுக்குள்ளேயே போட்டு வைத்திருப்பதைத்தான் கேட்கச் சொல்லியிருந்தேன். கேளுங்கள், இது எதையும் பொறுத்துப்போக வேண்டியதில்லை.

சிஸ்டர், ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம். சாயங்காலமானால் இடது கை கனக்கிறது, வளையல் இறுக்குகிறது. கையை அசைக்கவே கூடாது என்கிறார் மாமியார்.

அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தாலோ கதிர்வீச்சு கொடுத்தாலோ நிணநீர், அதாவது திசுக்களில் ஊறும் நீர், வடியும் வழி குறைந்துவிடும், அதனால் வரும் வீக்கமாக இருக்கலாம், லிம்ஃபெடீமா என்பார்கள். வளையலும் ரவிக்கைக் கையும் பிடிக்கிற இந்தக் கட்டத்திலேயே போய்க் காட்டுங்கள், நாளானால் வடிவது கஷ்டம், வீக்கத்துக்கு வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவார்கள். கையை அசைக்காமல் வைப்பது தப்பு. 2009இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், மேற்பார்வையோடு எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தூக்கிப் பழகிய பெண்களுக்கு வீக்கம் கூடவில்லை, தொந்தரவுதான் குறைந்தது. பிசியோதெரபிஸ்ட் கையை அளந்து கம்ப்ரெஷன் ஸ்லீவ், அதாவது கையை இறுக்கிப் பிடிக்கும் உறை, எழுதித் தருவார், கடையில் கண்ணளவுக்கு வாங்காதீர்கள். மீன் கழுவும்போது, செடி வெட்டும்போது காயம் படாமல் இருக்கக் கையுறை போடுங்கள். கை திடீரென்று சிவந்து சுட்டால், காய்ச்சலும் சேர்ந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

லெட்ரோசோல் ஆரம்பித்ததிலிருந்து காலையில் விரல் மடங்கவில்லை. நிறுத்தட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைத்து நோய் திரும்பாமல் தடுக்கத்தான் அந்த மாத்திரை. அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிடவும் வேண்டாம். சொன்னால் டாக்டர் சில வாரம் இடைவெளி விட்டு வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்ப்பார். தினமும் நடந்தால் வலி குறைகிறது. இந்த மாத்திரை எலும்பையும் பலவீனமாக்கலாம், அதனால் எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனையும் கேட்டு வாங்குங்கள்.

பெயர் வேண்டாம் சிஸ்டர். கணவருடன் சேர்வதே வேதனையாக இருக்கிறது.

நிறையப் பேருக்கு இருக்கிறது, வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். சிகிச்சையில் ஹார்மோன் குறைவதால் பிறப்புறுப்பு வறண்டுபோகிறது. அந்த இடத்துக்கென்றே இருக்கும் ஹார்மோன் இல்லாத மாய்ஸ்சரைசர் வாரத்தில் இரண்டு மூன்று முறை, சேரும்போது லூப்ரிகன்ட் என்கிற வழவழப்பு ஜெல். ஹார்மோன் க்ரீமை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். கணவர் பயந்து ஒதுங்கினால், இந்த நோய் தொடுவதால் ஒட்டாது என்று டாக்டரையே அவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு எலும்பில் பரவிவிட்டது. மார்ஃபின் எழுதிக் கொடுத்தார்கள், கொடுக்கவே கை வரவில்லை. அதுதான் கடைசி என்கிறார்களே?

இல்லைம்மா, கொடுங்கள். மார்ஃபின் வலிக்கான மருந்து, நாள் குறிப்பது அல்ல. வலி அடங்கியதும் தானே எழுந்து குளித்து, உட்கார்ந்து சாப்பிட்டவர்களை வார்டில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். வலி நிவாரணப் பிரிவில் இப்போதே பதிந்துவிடுங்கள், கீமோ நடக்கும்போதே அங்கேயும் காட்டலாம். அப்புறம் இதை மறக்கவே கூடாது: முதுகுவலி திடீரென்று கூடி, கால் பலம் இழந்தாலோ மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, விடியட்டும் என்று இருக்காமல் ராத்திரியானாலும் அழைத்துப் போங்கள்.