வாசகர் கேள்வி, எடிட்டர் பதில்: ஷோ யாருடைய சொத்து?

கேள்வி: எந்த நாட்டுச் சேனலைப் போட்டாலும் அதே சமையல் போட்டி, அதே ‘வீட்டுக்குள் அடைத்து வைக்கும்’ ஷோ. தயாரிப்பாளர்களுக்குக் கற்பனை வற்றிவிட்டதா?

பதில்: வற்றவில்லை. போய்த் தட்டுவதற்குக் கதவுகள் குறைந்துவிட்டன. வீட்டுக்குள் அடைத்து வைக்கும் பிக் பிரதரை 1999-இல் நெதர்லாந்தில் தொடங்கியது எண்டெமால் என்ற தயாரிப்பு நிறுவனம். சமையல் போட்டியான மாஸ்டர்செஃபை உலகமெங்கும் கொண்டுபோனது ஷைன் என்ற இன்னொரு நிறுவனம். இந்த இரண்டு நிறுவனங்களும் ஒன்றாகி, 2020-இல் பாரிஸைச் சேர்ந்த பனிஜே என்ற குழுமத்திடம் போய்ச் சேர்ந்தன. தீவில் விட்டுப் போட்டி நடத்தும் சர்வைவர் ஷோ ஏற்கெனவே பனிஜேவிடம்தான் இருந்தது. ஆக மூன்றுக்கும் இன்று ஒரே முதலாளி.

நான் வீடியோ எடிட்டராக இருந்த சிறிய தயாரிப்பு நிறுவனம் ஒரு பெரிய குழுமத்துக்குக் கைமாறியபோது, உள்ளே என்ன நடக்கும் என்று நேரில் பார்த்தேன். அதுவரை புது யோசனை சொன்னால், “இதை யார் பார்ப்பாங்க?” என்று முதலாளி கேட்பார். அப்புறம் வந்தவர்கள் கேட்டது, “இது வேற எங்கே ஓடியிருக்கு?” எங்கும் ஓடாததுதானே புது யோசனை! ஓடிய ஷோவாக இருந்தால் ‘பைபிள்’ என்று ஒரு தடித்த கையேடு கூடவே வரும். கேமரா எங்கே நிற்க வேண்டும், முடிவைச் சொல்லும் முன் இசையை எங்கே நிறுத்த வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். எனக்கு வேலை குறையவில்லை. யோசனை சொல்லிக்கொண்டிருந்த இளைஞர்கள்தான் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். இன்றும் அது என்னை வருத்துகிறது.

கேள்வி: இதைத் தடுக்கச் சட்டமே கிடையாதா?

பதில்: இருந்தது. அமெரிக்காவில் 1970-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். வெளியார் தயாரிக்கும் தொடர்களில் மூன்று பெரிய நெட்வொர்க்குகளும் பங்கு வைத்துக்கொள்ளக் கூடாது, மறு ஒளிபரப்பு உரிமையை விற்கவும் கூடாது. 1995-இல் அதை எடுத்துவிட்டார்கள். அந்த மூன்றில் ஒன்றான ஏபிசியை வாங்கப்போவதாக டிஸ்னி அறிவித்ததும் அதே ஆண்டுதான்.

பிரிட்டனின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியில் போனது. அதன்பின் வந்த ஏற்பாட்டில், சேனல் ஒளிபரப்பும் உரிமையை மட்டும் வாங்கும். வெளிநாட்டில் விற்கும் உரிமை தயாரித்தவரிடமே இருக்கும். நான் பார்த்ததில் சிறந்த ஏற்பாடு இதுதான். ஆனால் கையில் உரிமை இருந்ததாலேயே சின்ன நிறுவனங்களுக்கு விலை ஏறியது, பெரியவர்கள் தேடி வந்து வாங்கினார்கள். அப்படிப் பல நிறுவனங்களைச் சேர்த்து வளர்ந்த ஆல்3மீடியா, 2024-இல் 115 கோடி பவுண்டுக்கு விலைபோனது.

நிகழ்ச்சி நேரத்தில் வெளித் தயாரிப்பாளர்களுக்கு 25 சதவீதம் என்று அங்கே 1990-இல் ஒதுக்கீடும் கொண்டுவந்தார்கள். அது சேனல்காரர்களின் நிறுவனங்களைத்தான் விலக்கியது. சொந்தச் சேனல் இல்லாத பெரிய குழுமத்துக்குத் தடையே இல்லை. எந்தக் குழுமத்திலும் சேராதவர்களுக்கென்று தனிப் பங்கு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: என் மகள் ஒரு கேம் ஷோ யோசித்து வைத்திருக்கிறாள். பெரிய நிறுவனத்துக்கு அனுப்பலாமா?

பதில்: தாராளமாக அனுப்பட்டும். வெறும் யோசனைக்குக் காப்புரிமை கிடையாது. அதனால் விதிகள், சுற்றுகள், மேடை அமைப்பு என்று முழுதாக எழுதி, தேதி போட்டு வைக்கட்டும். ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை வக்கீலிடம் காட்டுங்கள்: பிற நாடுகளில் எடுக்கும் உரிமை யாருக்கு? நிறுவனம் கைமாறினால் மகளின் பங்கு என்ன ஆகும்? இரண்டாவதைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றுமே இல்லையென்றால், எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.