மின்வில்லை அணைப்பது எது?

மதிப்பிற்குரிய ஐயா,

மின்பணிக்குப் புதியவன் நான். ஷார்ட் சர்க்யூட்டில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும்போது, 18 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு எம்.சி.பி. (மினியேச்சர் சர்க்யூட் பிரேக்கர்) அதை எப்படி நிறுத்துகிறது? தொடுமுனைகள் வேகமாகப் பிரிவதால் பொறி அணைந்துவிடுகிறது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அவை பிரியும் தூரம் சில மில்லிமீட்டர்தானே? இன்னொன்று: 230/400 வோல்ட் என்று எழுதியிருக்கும் ஏ.சி. எம்.சி.பி.யை சோலார் பேனலின் டி.சி. பக்கத்தில் போட்டால் என்ன தவறு? கடைசியாக, பெரிய ஷார்ட்டில் ட்ரிப் ஆன எம்.சி.பி.யை மறுபடி பயன்படுத்தலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதி சரி. வேகம் தேவைதான். ஆனால் நீங்கள் பொறி என்று சொல்லும் மின்வில்லை (ஆர்க்) வேகமும் இடைவெளியும் மட்டும் அணைப்பதில்லை. உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது.

குளிர்ந்த காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட மின்சாரத்துக்கு ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். அதை வைத்துப் பார்த்தால் சில மில்லிமீட்டர் இடைவெளியே தாராளம் என்று தோன்றும். வில் மூண்டபின் அந்தக் கணக்கு செல்லாது. அப்போது இடைவெளியில் இருப்பது சாதாரணக் காற்றல்ல. 6000 டிகிரிக்கும் மேல் கொதிக்கிற, எலெக்ட்ரான்களும் அயனிகளும் நிறைந்த பிளாஸ்மா. நூறு ஆம்பியருக்கு மேல் திறந்த காற்றில் எரியும் வில், சென்டிமீட்டருக்கு 10 முதல் 20 வோல்ட் கிடைத்தாலே தொடர்ந்து எரியும். 230 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் 325 வோல்ட். ஒரு சாண் நீள வில்லை எரியவைக்க அது போதும். எம்.சி.பி.க்குள் அத்தனை இடம் ஏது?

வில் வராமலே பிரிக்க முடியாதா என்றால், முடியாது. தொடுமுனைகளின் அழுத்தம் குறையக் குறைய, உண்மையில் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு சில நுண்புள்ளிகளாகச் சுருங்குகிறது. முழு மின்னோட்டமும் அவற்றின் வழியே நெரித்துக்கொண்டு போவதால் உலோகம் உருகிப் பாலமாக நீளுகிறது. பிறகு கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவியில்தான் வில் பிறக்கிறது.

அது பிறப்பது நல்லதும்கூட. ஒரு சுற்றில் 1 மில்லிஹென்றி தூண்டல் இருந்து 10,000 ஆம்பியர் பாய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். காந்தப் புலத்தில் 50,000 ஜூல் ஆற்றல் அடங்கியிருக்கும். அந்த மின்னோட்டத்தை ஒரு மைக்ரோ விநாடியில் துண்டித்தால் எழும் மின்னழுத்தம் கணக்குப்படி ஒரு கோடி வோல்ட். எந்தக் காப்பும் தாங்காது. வில்தான் மின்னோட்டத்துக்குப் படிப்படியாக இறங்க வழிவிட்டு, அந்த ஆற்றலில் ஒரு பகுதியைத் தன் வெப்பமாக வாங்கிக்கொள்கிறது. ஆகவே பிரேக்கரை வடிவமைப்பவர் வில்லைத் தடுக்கப் பார்ப்பதில்லை. அதை எங்கே எரியவிடுவது, எப்போது சாகவிடுவது என்றுதான் பார்க்கிறார்.

ஏ.சி.யில் அதற்கு இயற்கையே ஒரு வாய்ப்புத் தருகிறது. 50 ஹெர்ட்ஸில் 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை மின்னோட்டம் பூஜ்யத்தைக் கடக்கும். அந்தக் கணம் வில்லுக்குத் தீனி இல்லை. அடுத்து நடப்பது ஒரு பந்தயம்: ஒரு பக்கம் இடைவெளி குளிர்ந்து காப்புத்திறனை மீட்கிறது, மறுபக்கம் தொடுமுனைகளுக்கிடையே மின்னழுத்தம் ஏறுகிறது. மின்னழுத்தம் முந்தினால் வில் மறுபடி மூளும். 1928இல் வெஸ்டிங்ஹவுஸ் மின்சாதன நிறுவனத்தின் ஜோசப் ஸ்லெபியன் இந்தப் பந்தயக் கருத்தை முன்வைத்தார். துணைமின்நிலையத்துப் பெரிய பிரேக்கர்கள் இந்தப் பந்தயத்தை ஜெயிப்பதற்காகவே செய்யப்பட்டவை. எஸ்.எஃப்.6 (சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடு) வாயு வகையில், நகரும் சிலிண்டர் வாயுவை அழுத்தி டெஃப்லான் நாசில் வழியாக வில்லின் மேல் ஊதுகிறது. அந்த வாயு மூலக்கூறுகள் சுற்றித் திரியும் எலெக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்வதால் காப்புத்திறன் விரைந்து திரும்புகிறது. வாயு அழுத்தம் குறைந்தால் முதலில் அலாரம், மேலும் குறைந்தால் லாக்அவுட், அதாவது பிரேக்கர் இயங்காதபடி பூட்டிக்கொள்ளும். அந்த லாக்அவுட்டை பைபாஸ் செய்து இயக்குவதைவிட ஆபத்தான காரியம் குறைவு. வெற்றிட வகையில் வில் எரிய உலோக ஆவி மட்டுமே உண்டு. பூஜ்யத்தில் அது சுற்றியுள்ள கவசத்தில் படிந்துவிடும், இடைவெளி சில மைக்ரோ விநாடிகளில் சுத்தமாகிவிடும்.

எம்.சி.பி. இந்தப் பூஜ்யத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஷார்ட் வந்ததும் அதன் காந்தச் சுருளுக்குள் இருக்கும் தண்டு பாய்ந்து, தாழ்ப்பாள் முழுதாக விடுபடும் முன்பே நகரும் தொடுமுனையைத் தட்டித் திறக்கிறது. ஏறத்தாழ ஒரு மில்லி விநாடிக்குள் வில் பிறந்துவிடும். கொஞ்ச நேரம் அது பிறந்த இடத்திலேயே நிற்கும். தொடுமுனைகள் அரிபடுவது இந்த நேரத்தில்தான். பிறகு மின்னோட்டத்தின் சொந்தக் காந்தவிசை அதை விரிந்து செல்லும் இரண்டு உலோகப் பாதைகள் வழியே ஆர்க் சூட்டுக்குத் தள்ளும். ஆர்க் சூட் என்பது ஒன்றுக்கொன்று தொடாமல் அடுக்கிய பத்துப் பன்னிரண்டு எஃகுத் தகடுகள். எஃகுக்குக் காந்த ஈர்ப்பு உண்டு என்பதால், தகடுகளில் வெட்டிய பிளவு வில்லை உள்ளே இழுக்கும்.

இங்கேதான் வேலை நடக்கிறது. ஒரு வில் எரிய, அதன் நீளம் எவ்வளவு குறைந்தாலும், எதிர்முனை, நேர்முனை ஓரங்களில் மட்டுமே சுமார் 20 முதல் 30 வோல்ட் செலவாகும். 13 தகடுகள் வில்லை 14 குட்டி விற்களாக நறுக்கினால் அந்தச் செலவு 14 முறை. சேர்த்தால் ஏறத்தாழ 280 முதல் 420 வோல்ட். வில்லின் மின்னழுத்தம் வழங்கல் மின்னழுத்தத்தை மிஞ்சியதும் மின்னோட்டம் ஏறவே முடியாது, இறங்கத்தான் வேண்டும். அதனால் 6000 ஆம்பியர் வரக்கூடிய இடத்திலும் அந்த உச்சத்தை எட்டவிடாமல் சில மில்லி விநாடிகளில் கதை முடிந்துவிடுகிறது. தகடுகள் வெப்பத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். சூடான வாயு பின்பக்கத் துளைகள் வழியே வெளியேறும். அந்தத் துளைகளை அடைத்து எதையும் பொருத்தாதீர்கள்.

பெரிய ஏ.சி.பி.களில் (ஏர் சர்க்யூட் பிரேக்கர்) ஆர்க் சூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள். மாட்டும்போது ஒரு ஃபேஸில் அது சரியாக உட்காராவிட்டாலும், ஃபேஸ்களுக்கு இடையேயான தடுப்பு விட்டுப்போனாலும், பிரேக்கர் வழக்கம்போல ஆன், ஆஃப் ஆகும். குறை தெரிவது அடுத்த ஷார்ட்டில்தான். வில் வெளியே வந்து பக்கத்து ஃபேஸைத் தொட்டுவிடும். வில்லைத் தாங்குவதற்கென்றே உள்ள ஆர்க்கிங் தொடுமுனைகளின் வரிசையும் அப்படித்தான். முதன்மைத் தொடுமுனைகள் முதலில் பிரிந்து, ஆர்க்கிங் தொடுமுனைகள் கடைசியில் பிரிய வேண்டும். தேய்மானத்தில் அந்த வித்தியாசம் போய்விட்டால் வெள்ளி பூசிய முதன்மைத் தொடுமுனைகளே வில்லைத் தாங்கிக் கருகும்.

இப்போது டி.சி. அங்கே பூஜ்யமே வராது. முழு மின்னழுத்தத்தையும் வில் மட்டுமே எதிர்த்து நின்று வெல்ல வேண்டும். உங்கள் எம்.சி.பி.யில் உள்ள 230/400 என்ற எண் ஏ.சி.க்கு மட்டும் உரியது. பல ஏ.சி. எம்.சி.பி.களுக்குத் தயாரிப்பாளர்கள் ஒரு போலுக்கு (ஒரு ஜோடித் தொடுமுனைகள் கொண்ட பகுதிக்கு) 48 அல்லது 60 வோல்ட் டி.சி. வரைதான் அனுமதிக்கிறார்கள். சுருளால் இயங்கும் காந்த ட்ரிப்பும் டி.சி.யில் ஏறத்தாழ 1.4 மடங்கு அதிக மின்னோட்டத்தில்தான் இயங்கும்.

சோலாரில் இன்னொரு சிக்கல், பலரும் கவனிக்காதது. பேனலின் ஷார்ட் மின்னோட்டம் அதன் வழக்கமான மின்னோட்டத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 10 ஆம்பியர் வில்லின் சொந்தக் காந்தவிசை பலவீனமானது. அதனால் வில் தகடுகளுக்குப் போகாமல் தொடுமுனையிலேயே நின்று எரிந்து, பிளாஸ்டிக்கை உருக்கித் தீப்பிடிக்கவைக்கும். கையால் ஆஃப் செய்யும்போதுகூட இது நடக்கும். இதற்காகத்தான் டி.சி. எம்.சி.பி. சிலவற்றில் நிரந்தரக் காந்தம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் காந்தம் வில்லைத் தள்ளும் திசை மின்னோட்டத்தின் திசையைப் பொறுத்தது. + – குறியிட்ட எம்.சி.பி.யில் முனைகளை மாற்றி இணைத்தால் வில் தகடுகளை விட்டு இயங்குபாகங்களின் பக்கம் தள்ளப்படும். பல ஸ்ட்ரிங்குகள் (தொடராகக் கோத்த பேனல் வரிசைகள்) இணையாக இருந்தால் பழுதான ஸ்ட்ரிங்குக்குள் மின்னோட்டம் திரும்பிப் பாயலாம். ஆகவே அங்கே முனைவேறுபாடு இல்லாத வகையை, பேனல் தொடரின் திறந்த சுற்று மின்னழுத்தத்துக்கு மேற்பட்ட டி.சி. மதிப்பீட்டில் வாங்குங்கள். அந்த மின்னழுத்தம் குளிரில் கூடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். போல்களைத் தொடராக இணைக்கச் சொல்லியிருந்தால் தயாரிப்பாளரின் படத்தை அப்படியே பின்பற்றுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். முகப்பில் செவ்வகத்துக்குள் 6000 அல்லது 10000 என்று இருப்பது உடைக்கும் திறன். ஐ.இ.சி. 60898 தரத்தில் அந்த முழுத்திறன் சோதனை, ஒருமுறை திறந்து, சற்று இடைவெளி விட்டு, ஷார்ட்டின் மேலேயே மூடி மறுபடி திறப்பது. அவ்வளவுதான். எண்ணற்ற முறை அப்படிச் செய்ய அது செய்யப்பட்டதல்ல. எனவே முதலில் ஷார்ட்டின் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். லிவரை மேலே தள்ளிப் பார்த்துச் சோதிக்காதீர்கள். துளைகளில் கரி, கருகிய வாடை, தொய்ந்த லிவர், இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். எதுவும் தெரியாவிட்டால், இருபக்க வயரையும் கழற்றி, ஆஃப் நிலையில் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் இடையே 500 வோல்ட் மெகரால் (காப்புத்தடை அளக்கும் கருவி) காப்பைப் பாருங்கள். உலோக ஆவி உள்சுவரில் படிந்திருந்தால் அளவு குறைந்து காட்டும். பிறகு லோடில் போட்டு, அதே மதிப்பீடும் அதே லோடும் உள்ள இன்னொரு எம்.சி.பி.யோடு மில்லிவோல்ட் இழப்பை ஒப்பிடுங்கள். தெளிவாக அதிகமாக இருந்தால் தொடுமுனை அரித்திருக்கிறது. அதைத் திறந்து தேய்க்க முயல வேண்டாம், புதிது போடுங்கள்.