பாஸ்வேர்டு மறந்ததா, பாஸ்வேர்டே இல்லையா? – உணவு ஆர்டர் ஆப்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: உணவு ஆர்டர் செய்யும் ஆப் ஒன்றில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்பதை அழுத்தி இமெயில் முகவரி கொடுத்தேன். 'இந்த முகவரியில் கணக்கு இருந்தால் மெயில் அனுப்பப்படும்' என்று வந்தது. மெயில் மட்டும் வரவில்லை. ஸ்பேமிலும் தேடிவிட்டேன்.
– வாசகி, திருச்சி

பதில்: அந்த வாக்கியத்தை மறுபடி படியுங்கள். 'இருந்தால்' என்றுதான் சொல்கிறது, இருக்கிறது என்று சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் அப்படி எழுதுகிறார்கள். 'இந்த முகவரியில் கணக்கு இல்லை' என்று ஆப் பளிச்சென்று சொன்னால், திருட்டு ஆசாமிகள் ஆயிரம் முகவரிகளைப் போட்டுப் பார்த்து, யார் யார் வாடிக்கையாளர் என்று பட்டியல் எடுத்துவிடுவார்கள். அதனால் கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பதில்தான்.

ஆக, மெயில் வராததற்குப் பெரும்பாலும் காரணம் மெயில் பெட்டியில் இல்லை. நீங்கள் கணக்குத் தொடங்கியது எந்த வழியில் என்பதில்தான் இருக்கிறது. நம் நாட்டு உணவு ஆப்களில் பலர் மொபைல் எண்ணும் ஓடிபியும் கொடுத்துத்தான் உள்ளே போயிருப்பார்கள். இமெயில் என்பது ரசீது அனுப்ப மட்டும். இன்னும் பலர் 'கூகுள் மூலம் தொடர்க' பட்டனை அழுத்தியவர்கள். இந்த இரண்டு வகைக் கணக்குகளிலும் பாஸ்வேர்டு என்று ஒன்றே கிடையாது. இல்லாததை மாற்ற லிங்க் எப்படி வரும்?

கண்டுபிடிக்க எளிய வழி பழைய ரசீது. மெயிலில் ஆப்பின் பெயரைப் போட்டுத் தேடி, பழைய ஆர்டர் ரசீது ஒன்றைத் திறங்கள். அனுப்புநர் பெயருக்குக் கீழே உள்ள சிறு அம்புக்குறியைத் தொட்டால் எந்த முகவரிக்கு வந்தது என்று முழுசாகத் தெரியும். ஜிமெயில் தேடல் ஸ்பேமையும் குப்பைத் தொட்டியையும் தானாகப் பார்க்காது. அவற்றைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும். குப்பையில் போட்டது 30 நாளில் அழிந்துவிடும். 'ஆல் மெயில்' பகுதியையும் ஒரு நடை பாருங்கள். எப்போதோ போட்டு மறந்த ஃபில்டர், மெயிலை இன்பாக்ஸுக்கு வரவிடாமல் நேரே அங்கே தள்ளியிருக்கலாம்.

பலரை மாட்டிவிடுவது முகவரியில் உள்ள புள்ளி. ஜிமெயிலுக்குப் புள்ளி ஒரு பொருட்டே இல்லை. பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவில் புள்ளி வைத்தாலும் விட்டாலும் ஒரே பெட்டிக்குத்தான் வரும். ஆப்புக்கு அப்படியில்லை. பல ஆப்கள் இரண்டையும் இரு வேறு ஆட்களாகவே எண்ணும். புள்ளியோடு பதிந்துவிட்டு, புள்ளி இல்லாமல் ரீசெட் கேட்டால் ஒன்றும் வராது. ரசீதில் இருப்பதை எழுத்து மாறாமல் அடியுங்கள்.

ஐஃபோன்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 'ஆப்பிள் மூலம் தொடர்க' அழுத்தியபோது 'என் மெயிலை மறை' என்பதைத் தேர்ந்திருந்தால், ஆப்பிடம் இருப்பது ஆப்பிள் உருவாக்கிக் கொடுத்த வேறொரு முகவரி. செட்டிங்ஸில் மேலே உங்கள் பெயரைத் தொட்டு, 'சைன் இன் வித் ஆப்பிள்' பட்டியலில் அந்த ஆப்பைத் தேடினால் அந்த முகவரி கிடைக்கும். அப்படி ஒன்று இருந்தால் ரீசெட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதே ஆப்பிள் பட்டனையே அழுத்தி உள்ளே போகலாம்.

கேள்வி: ஓடிபி வருவதே இல்லை. டிஎன்டி போட்டிருப்பதால் இருக்குமா?
– வாசகர், மதுரை

பதில்: இல்லை. 1909-இல் பதியும் டிஎன்டி விளம்பரச் செய்திகளைத்தான் தடுக்கும். நீங்களே கேட்டு வாங்கும் ஓடிபியை அது தொடாது.

சமீபத்தில் சிம் மாற்றினீர்களா? தொலைந்த சிம்முக்குப் பதில் புதியது, இ-சிம், எதுவானாலும் சரி, மாற்றிய பின் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போகாது, வராது. சிம்மைக் களவாடி வங்கி ஓடிபி எடுக்கும் மோசடியைத் தடுக்க 2022 இறுதியில் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த கட்டுப்பாடு அது. இதற்குக் காத்திருப்பது தவிர வழியில்லை.

சிம் மாற்றவில்லை என்றால் ரீசார்ஜைப் பாருங்கள். இரண்டு சிம் போனில் இரண்டாவது எண்ணுக்கு வேலிடிட்டி முடிந்தால் முதலில் வெளியே போகும் அழைப்பு நிற்கும், சில நாளில் உள்ளே வருவதும் நிற்கும். பலர் கவனிப்பதில்லை. வேறொரு போனிலிருந்து அந்த எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிச் சோதித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அது வருகிறது, ஓடிபி மட்டும் வரவில்லை என்றால், கூகுள் மெசேஜஸ் ஆப்பில் 'ஸ்பேம் அண்டு பிளாக்டு' பகுதியைத் திறங்கள். ஐஃபோனில் தெரியாத அனுப்புநர்களைப் பிரித்து வைக்கும் வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

'மீண்டும் அனுப்பு' பட்டனை அடுக்கடுக்காக அழுத்தாதீர்கள். பல ஆப்களில் ஒவ்வொரு அழுத்தலும் முந்தைய ஓடிபியைச் செல்லாததாக்கிவிடும். நெட்வொர்க் தாமதத்தால் முதல் ஓடிபி மூன்றாவதாக வந்து சேரும், அதைப் போட்டால் 'தவறு' என்று வரும். நாலைந்து முறை தாண்டினால் ஆப் உங்கள் எண்ணையே சிறிது நேரம் பூட்டி வைக்கும். அப்போது போனை அரை மணியாவது அப்படியே விட்டுவிடுங்கள். அதன் பிறகு ஃபிளைட் மோடைப் போட்டு எடுத்து, ஒரே ஒரு முறை கேளுங்கள். 'அழைப்பு மூலம் பெறுக' என்ற வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். எஸ்எம்எஸ் தடுமாறும் இடத்திலும் அழைப்பு பெரும்பாலும் வந்துவிடும்.

கூடவே ஒன்று. நிறுவனங்களின் செய்தி எழுத்துகளாலான அனுப்புநர் பெயரில்தான் வரும். 2025 முதல் அதன் கடைசியில் ஒரு கோடும் ஓர் எழுத்தும் சேர்ந்து வருகின்றன: 'பி' விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' பரிவர்த்தனை, 'ஜி' அரசு. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து 'உங்கள் கணக்கை மீட்க' என்று லிங்க் வந்தால் தொடாமல் அழித்துவிடுங்கள்.

கேள்வி: ரீசெட் லிங்க் வருகிறது. தொட்டதுமே 'காலாவதியானது' என்கிறது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். முதலாவது, நீங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை லிங்க் கேட்டிருப்பீர்கள். கடைசியாகக் கேட்டது மட்டுமே செல்லும். ஜிமெயில் ஒரே தலைப்பில் வந்த மெயில்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோர்த்து வைப்பதால், மேலே உள்ள பழையதைத் திறந்துவிடுகிறோம். அந்த மெயில் தொடரின் அடிவரை இறங்கி, கடைசி மெயிலில் உள்ள லிங்கைத் தொடுங்கள்.

இரண்டாவது, அலுவலக மெயில். நிறுவனங்கள் வைத்திருக்கும் பாதுகாப்பு மென்பொருள், உள்ளே வரும் லிங்குகளை உங்களுக்கு முன்னால் தானே திறந்து வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும். ரீசெட் லிங்க் ஒரு முறை மட்டுமே செல்லும் வகை. மென்பொருள் திறந்ததோடு சில தளங்களில் அதன் கதை முடிந்தது. உங்கள் முகவரி கம்பெனி மெயிலாக இருந்தால் இதுவாகத்தான் இருக்கும். ஆப்பில் மொபைல் ஓடிபி வழியாக உள்ளே போய், ப்ரொஃபைலில் சொந்த மெயிலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிரியாணி ரசீது கம்பெனி சர்வரில் கிடக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டும் இல்லையென்றால், லிங்கை மெயிலுக்குள்ளேயே திறக்காமல், அழுத்திப் பிடித்து நகலெடுத்து குரோமில் ஒட்டுங்கள். போனின் தேதி, நேரம் தானியங்கியில் இருக்கட்டும்.

கேள்வி: பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், 'வெற்றி' என்றும் வந்தது. ஆனால் புதியதைப் போட்டால் தவறு என்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: போன் பழைய பாஸ்வேர்டைத் தானாக நிரப்புகிறது. நீங்கள் பார்ப்பது புள்ளிகளை மட்டும் என்பதால் தெரிவதில்லை. கண் படத்தைத் தொட்டு எழுத்துகளைப் பாருங்கள். கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரில் அந்த ஆப்பின் பழைய பதிவை நீக்குங்கள். ஆப்புக்கு ஒன்று, இணையதளத்துக்கு ஒன்று என இரண்டு பதிவுகள் இருப்பது வழக்கம், இரண்டையும் நீக்க வேண்டும். நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஒட்டிக்கொள்ளும் இடைவெளியும், கீபோர்டு தானாகப் பெரிதாக்கும் முதல் எழுத்தும் அடுத்த சந்தேகங்கள்.

கேள்வி: பழைய மொபைல் எண்ணை விட்டு ஒரு வருடம் ஆகிறது. இப்போது அது வேறு ஒருவரிடம் இருக்கிறது. என் கணக்கை எப்படி மீட்பது?
– வாசகர், சென்னை

பதில்: கைவிட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் சும்மா வைத்திருந்துவிட்டு, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர் அதே ஆப்பில் ஓடிபி கேட்டால் உங்கள் கணக்குக்குள்தான் போய் நிற்பார். வீட்டு முகவரி, அலுவலக முகவரி, பழைய ஆர்டர் எல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியும். அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை இது.

வீட்டில் எந்தப் பழைய போனிலோ டேப்லெட்டிலோ அந்தக் கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் லாக்-அவுட் செய்யாதீர்கள், ஆப்பை நீக்காதீர்கள். அங்கிருந்தே ப்ரொஃபைலில் எண்ணை மாற்றுங்கள். சில ஆப்கள் பழைய எண்ணுக்கும் ஓடிபி அனுப்பும். அப்போது இமெயில் மூலம் உறுதிசெய்யும் வழி இருக்கிறதா என்று தேடுங்கள்.

எங்கும் திறந்திருக்கவில்லையென்றால், பதிவு செய்த இமெயிலிலிருந்தே ஆப்பின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். பழைய எண், புதிய எண், கடைசி இரண்டு மூன்று ஆர்டர்களின் தேதி, கடை, தொகை, யுபிஐ பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கொடுங்கள். ரசீதுகளில் இவையெல்லாம் இருக்கும். கார்டின் கடைசி நான்கு இலக்கம் போதும். முழு எண், சிவிவி, பின் எதையும் யாருக்கும் எழுத வேண்டாம்.

பதில் இல்லையா? மின்வணிக நிறுவனம் ஒவ்வொன்றும் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்று 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருடைய விவரம் ஆப்பின் விதிமுறைப் பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கும். அவரும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: இணையத்தில் தேடிக் கிடைத்த கஸ்டமர் கேர் எண்ணில் பேசினேன். கணக்கை மீட்க ஒரு ஆப்பை இறக்கச் சொன்னார்கள். இறக்கிவிட்டேன். தவறா?
– வாசகர், சேலம்

பதில்: தவறுதான். உடனே சரிசெய்யலாம். அந்த ஆப் உங்கள் திரையை அவர்களுக்குக் காட்டும் வகையைச் சேர்ந்ததாக இருக்கும். இணையத்தைத் துண்டித்துவிட்டு அதை நீக்குங்கள். பிறகு ##002# டயல் செய்யுங்கள், உங்கள் அழைப்புகள் எங்காவது திருப்பிவிடப்பட்டிருந்தால் ரத்தாகும். குரல்வழி ஓடிபியைக் கைப்பற்ற அழைப்பைத் திருப்பிவிடுவது அவர்கள் பழைய தந்திரம். பணம் போயிருந்தால் வங்கிக்கும் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கும் உடனே சொல்லுங்கள். நேரம் கடக்கக் கடக்கப் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு குறையும். உதவி தேவையென்றால் உணவு ஆப்பின் உள்ளே இருக்கும் உதவிப் பக்கம் மட்டுமே நம்பத்தக்கது.

உணவு ஆப்களில் உங்கள் கார்டு எண் அப்படியே கிடப்பதில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது, அதற்குப் பதிலான டோக்கன் என்ற மாற்றுக் குறியீட்டை மட்டுமே வைத்திருக்கலாம். ஆனால் ஆப்பின் வாலட் பணமும் கிஃப்ட் கார்டு தொகையும் அப்படிப் பாதுகாப்பானவை அல்ல. கணக்குக்குள் நுழைந்தவர் ஓடிபி இல்லாமலேகூட அவற்றைச் செலவழித்துவிடக்கூடும். உள்ளே போனதும் முதலில் பார்க்க வேண்டியது அந்த இருப்பைத்தான். அடுத்து 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு'.

பாஸ்வேர்டு உள்ள கணக்கு என்றால் அதே பாஸ்வேர்டு வேறெங்கும் இருக்கக் கூடாது. 2017 மே மாதம் ஸொமாட்டோவிலிருந்து சுமார் 1.7 கோடிப் பயனர்களின் இமெயில் முகவரிகளும், ஹேஷ் வடிவில் மறைக்கப்பட்ட பாஸ்வேர்டுகளும் திருடுபோயின. கூகுள், ஃபேஸ்புக் மூலம் நுழைந்தவர்களுக்கு அங்கே திருடுபோகப் பாஸ்வேர்டே இருக்கவில்லை. பாஸ்வேர்டு வைத்திருந்து, அதையே மெயிலுக்கும் போட்டிருந்தவர்கள்தான் கவலைப்பட வேண்டியிருந்தது.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை. தஞ்சாவூரில் உள்ள அம்மாவுக்கு ஆர்டர் செய்யும் கணக்கு என் இந்திய எண்ணில் இருக்கிறது. இங்கே ஓடிபி வருவதில்லை.
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: அந்த எண்ணுக்கு வேலிடிட்டி இருக்க வேண்டும், ரோமிங் வசதி ஆன் ஆகியிருக்க வேண்டும். இது ஊரிலிருந்து கிளம்பும் முன்பே செய்ய வேண்டியது. இந்திய சிம்முக்கு டேட்டா தேவையில்லை, உள்வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணமும் இல்லை. போனில் நெட்வொர்க்கைத் தானியங்கியிலிருந்து எடுத்து, உள்ளூர் நிறுவனங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து பாருங்கள், ஒன்றில் வராத எஸ்எம்எஸ் இன்னொன்றில் வரும்.

அடிக்கடி தகராறு என்றால் கணக்கை அம்மாவின் எண்ணிலேயே தொடங்கிவிடுங்கள். டெலிவரி செய்பவர் அழைப்பதும் அவரைத்தானே. ஒரு முறை உள்ளே போய்விட்டால் நீங்களாக வெளியேறும்வரை பெரும்பாலும் ஓடிபி கேட்காது. ஆனால் நீங்கள் அவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது வரும் ஓடிபியைத் தவிர வேறெதையும், யார் கேட்டாலும், படித்துச் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.