காது நரம்புக் கட்டிக்கு ஆஸ்பிரின் போடலாமா?

கேள்வி: வயது 52. இடது காதில் இரைச்சல், கேட்கும் திறனும் குறைந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் 9 மி.மீ. வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்று வந்திருக்கிறது. ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். இந்தக் கட்டி வளர அழற்சிதான் காரணம் என்று படித்தேன். அதுவரை சும்மா இருக்காமல் தினமும் ஆஸ்பிரின் போடலாமா?

பதில்: நீங்களாகத் தொடங்காதீர்கள். ஆனால் நீங்கள் படித்ததில் பெரும் உண்மை இருக்கிறது.

இது புற்றுநோய் அல்ல. நரம்புக்கு உறை போடும் ஷ்வான் செல்களின் பெருக்கத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பது மெர்லின் என்ற புரதம். என்.எஃப்.2 மரபணு பழுதாகி அந்தப் புரதம் இல்லாமல் போவதிலிருந்துதான் கட்டி தொடங்குகிறது. அழற்சி அதற்குப் பிறகு வந்து சேர்வது.

வந்து சேர்ந்தாலும் அதன் பங்கு சிறியதல்ல. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, வளர்ந்துகொண்டிருந்தவற்றில் மேக்ரோஃபேஜ் எனும் நோயெதிர்ப்புச் செல்கள் மிகுதியாக இருந்தன. செல் பெருகுவதைக் காட்டும் சாயம் ஏற்றிப் பார்த்தால், பெருகிக்கொண்டிருந்தவற்றில் பெரும்பாலானவை கட்டிச் செல்களே அல்ல, இந்த மேக்ரோஃபேஜ்கள்தான்! ஸ்கேனில் கட்டி பெரிதாகிவிட்டது என்று நாம் பயப்படும்போது, அந்த வளர்ச்சியில் ஒரு பகுதி நம் உடல் அனுப்பிய செல்களாகவே இருக்கலாம்.

கேட்கும் திறன் தனிக் கதை. சின்னக் கட்டி இருப்பவருக்குக் காது அடியோடு போவதும், பெரிய கட்டி இருப்பவர் நன்றாகக் கேட்பதும் உண்டு. நரம்பு நசுங்குவது மட்டுமே காரணம் என்றால் இப்படி நடக்காது. கட்டியிலிருந்து கசியும் பொருட்களை ஆய்வகத்தில் எலியின் உட்காதுத் திசுமேல் இட்டுப் பார்த்தார்கள். செவித்திறன் மோசமாக இருந்தவர்களின் கட்டிக் கசிவு அந்தத் திசுவை அதிகம் சிதைத்தது. அதில் இருந்த நச்சுகளில் ஒன்று டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதம்.

இனி ஆஸ்பிரினுக்கு வருவோம். இந்தக் கட்டிகளில் அழற்சியைத் தூண்டும் காக்ஸ்-2 நொதி காணப்படுகிறது. ஆஸ்பிரின் அதைத் தடுக்கும். ஆஸ்பிரின் சாப்பிட்டு வந்தவர்களுக்குக் கட்டி வளர்வது குறைவு என்று 2014-இல் பழைய மருத்துவப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அதன்பின் இன்னும் அதிக நோயாளிகளை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு தெரியவில்லை. மாறாக, வயிற்றுப்புண்ணும் ரத்தக்கசிவும் உறுதியான ஆபத்துகள். அளவு கூடினால் ஆஸ்பிரினே காது இரைச்சலை உண்டாக்கும். அப்போது இரைச்சல் கட்டியாலா மாத்திரையாலா என்று உங்கள் மருத்துவரே திணறுவார். இதய நோய்க்காக ஏற்கெனவே சாப்பிடுபவராக இருந்தால் அதைத் தொடருங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

உடலில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் சி.ஆர்.பி. போன்ற ரத்தப் பரிசோதனைக்கும் செலவழிக்காதீர்கள். இவ்வளவு சிறிய கட்டிக்குள் நடக்கும் அழற்சியை அது காட்டாது.

காத்திருப்பதைச் சும்மா இருப்பதாக நினைக்காதீர்கள். கண்டுபிடித்தபின் பல ஆண்டுகள் வளராமலே இருக்கும் கட்டிகள் ஏராளம். முடிந்தவரை ஒரே இடத்தில் ஸ்கேன் எடுங்கள். முந்தைய படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். ஒவ்வொரு முறையும் கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராமும், பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனுக்கான சோதனையும் செய்துவிடுங்கள். அளவு மாறாமலே செவித்திறன் குறையலாம் என்பதால் ஸ்கேன் மட்டும் போதாது.

திடீரென்று ஒரு நாள் அந்தக் காது இன்னும் மந்தமானால் அடுத்த ஸ்கேன் தேதிவரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அவர் குறுகிய காலத்துக்கு ஸ்டீராய்டு கொடுக்கலாம், சிலருக்குக் கேட்கும் திறன் திரும்பும். அப்படித் திரும்பினாலும் கட்டி அங்கேதான் இருக்கும். குறித்த தேதியில் ஸ்கேனுக்குப் போய்விடுங்கள்.