மேயும் முட்டைக் கோழிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு எரிசக்தி வேண்டும்?

"கோழிகள் பகல் முழுக்க வெளியில்தான் மேய்கின்றன. அப்படியிருக்க எவ்வளவு தீவனம் வைத்தால் போதும்? எரிசக்தித் தேவையை எப்படிக் கணக்கிடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெளியில் மேய்வதால் தீவனம் மிச்சமாகும் என்ற நினைப்பு கேள்விக்குள்ளேயே இருக்கிறது. நானும் அப்படி நினைத்துத்தான் முதல் வருடம் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தேன். பத்து நாளைக்கு முட்டை குறையவே இல்லை. வீட்டில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு சாயங்காலம், அடைக்கும்போது ஒரு கோழியைத் தூக்கினேன். கை நிறைய இறகு, உள்ளே ஒன்றுமே இல்லை. நெஞ்செலும்பு கத்தி விளிம்பு மாதிரி விரலில் தட்டியது. அத்தனை நாளும் தன் உடம்பைக் கரைத்துத்தான் முட்டை போட்டிருக்கிறது. அடுத்த வாரமே முட்டைக் கூடை பாதியாகிவிட்டது.

சரி, கணக்குக்கு வருவோம். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1994இல் வெளியிட்ட சமன்பாடு ஒன்று இருக்கிறது. பழையதுதான், ஆனால் தொடங்குவதற்கு நல்ல இடம். கோழியின் எடையை (கிலோவில்) 0.75 அடுக்குக்கு உயர்த்தி, அதை (173 − 1.95 × வெப்பநிலை) என்பதால் பெருக்க வேண்டும். அதோடு ஒரு நாளில் கூடும் ஒவ்வொரு கிராம் உடல் எடைக்கும் 5.5, ஒவ்வொரு கிராம் முட்டைக்கும் 2.07 சேர்க்க வேண்டும். வருகிற விடை கிலோ கலோரியில், ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு.

0.75 அடுக்கைப் பார்த்து மிரள வேண்டாம். எடையை மூன்று தடவை தன்னோடு தானே பெருக்கி (1.8 × 1.8 × 1.8), விடைக்கு வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை தட்டினால் போதும். 1.8 கிலோ கோழிக்கு 1.554 வரும். 25 டிகிரி வெப்பத்தில் அதன் உடல் பராமரிப்புக்கு மட்டும் சுமார் 193 கிலோ கலோரி வேண்டும். 55 கிராம் முட்டையை 100 நாளில் 80 தடவை போடுகிறது என்றால் நாளுக்குச் சராசரி 44 கிராம், அதற்கு 91. மொத்தம் 284. எடை கூடாத முதிர்ந்த கோழி என்பதால் 5.5 கணக்கு இங்கே இல்லை. இப்போதுதான் முட்டையிடத் தொடங்கிய பெட்டைகளுக்கு அதை விட்டுவிடாதீர்கள், அவை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்.

ஆனால் இந்த 284 கூண்டுக் கோழிக்கான கணக்கு. வெளியே திரியும் கோழி நடக்கிறது, கிளறுகிறது, பருந்தின் நிழலைக் கண்டால் ஓடுகிறது. அதற்காகப் பராமரிப்புப் பங்கில் 15 சதவீதம் வரை கூட்டுவது வழக்கம். 193இல் 15 சதவீதம் 29. ஆக 313. கிலோவுக்கு 2,700 கிலோ கலோரி உள்ள தீவனமானால் 116 கிராம். கூண்டுக் கோழிக்கு 105தான். மேய்ச்சல் தேவையைக் கூட்டுகிறது, குறைக்கவில்லை.

குளிர் இதைவிடப் பெரிய செலவு. வெப்பநிலை 25இலிருந்து 10க்கு இறங்கினால் கூடுதலாக 45 கிலோ கலோரி, அதாவது 17 கிராம் தீவனம். முதுகில் இறகு கொட்டிப்போன கோழிக்கு அதற்கும் மேல். வெயில் 30ஐத் தாண்டினால் சமன்பாட்டை அப்படியே நம்பாதீர்கள். மூச்சிரைப்பதற்கே எரிசக்தி செலவாகும், தீனி எடுப்பதும் குறைந்துவிடும்.

அப்படியானால் மேய்ச்சலில் என்னதான் கிடைக்கிறது? 100 கிராம் பச்சைப் புல்லில் 80 கிராம் வெறும் தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி நார். அசைபோட்டு நாரைச் செரிக்க அது மாடு இல்லையே. மஞ்சள் கருவுக்கு நல்ல நிறம் வரும், வயிறும் நிரம்பும், எரிசக்தி மட்டும் சொற்பம். புழு, பூச்சி, உதிர்ந்த விதை இவைதான் ஏதாவது தருபவை. அவை ஒவ்வொரு வாரமும் ஒரே அளவில் கிடைப்பதும் இல்லை.

இதை ஊகிப்பதற்குப் பதில் அளந்துவிடலாம். பெரும்பாலும் கோழி தன் எரிசக்தித் தேவை தீரும்வரை தின்றுவிட்டு நிறுத்திக்கொள்ளும். ஒரு வாரம் தொட்டி காலியாகாமல் தீவனம் வையுங்கள். தினமும் மிச்சத்தை நிறுத்துப் பாருங்கள். 20 கோழிக்கு 116 கிராம் வீதம் 2.32 கிலோ போக வேண்டும். 2.1 கிலோதான் போனது என்றால், ஒரு கோழி வெளியே 11 கிராம் தீவனத்துக்குச் சமமாக, ஏறத்தாழ 30 கிலோ கலோரி தேடிக்கொண்டது என்று அர்த்தம். இரவில் தொட்டியை மூடாவிட்டால் நீங்கள் அளப்பது எலியின் பசியைத்தான். எனக்கு முதல் வாரக் கணக்கு அப்படித்தான் வீணானது.

அந்த வாரத்தில் மக்காச்சோளத்தை அள்ளி இறைக்காதீர்கள். கிலோவுக்கு 3,350 கிலோ கலோரி வரை இருக்கிறது, புரதமோ நூற்றுக்கு எட்டு ஒன்பதுதான். அதைத் தின்ற கோழி தீவனத்தைத் தேவையான அளவு எடுக்காது. புரதம் குறைந்து முட்டை சிறுத்துவிடும்.

பிறகு எடை பார்ப்பது. பத்துக் கோழிகளுக்குக் காலில் வண்ண வளையம் மாட்டி வைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தீவனம் வைக்கும் முன் காலையில், வாளியில் உட்காரவைத்து தொங்கு தராசில் மாட்டுவேன். சாயங்காலம் நிறுத்தால் கழுத்தடியில் தீனிப்பை உருண்டையாக நிரம்பியிருக்கும், அதன் எடையும் சேர்ந்து நம்மை ஏமாற்றும். இரண்டு தடவை தொடர்ந்து சராசரி எடை இறங்கினால், முதலில் குடற்புழு இருக்கிறதா என்று பார்ப்பேன். அது இல்லையென்றால் ஒரு கோழிக்கு 10 கிராம் தீவனம் கூட்டுவேன். மூன்றாவது தடவை வரை காத்திருப்பதில்லை.